வெடெல் சீல்களின் மூச்சை எண்ணிய ஓராண்டு

மயக்கவியல் மருத்துவராகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, பிறர் மூச்சு விடுவதை எண்ணுவது விட முடியாத பழக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பேருந்தில் அருகில் உறங்குபவரின் மார்பு ஏறி இறங்குவதைக்கூட என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கத்தோடுதான், அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் பாரதி நிலையத்துக்குக் குளிர்காலக் குழுவின் மருத்துவராகச் சென்றேன். கரையிறங்கிய முதல் வாரத்தில், விரிகுடாவில் எஞ்சியிருந்த பனித்தட்டின் மீது ஒரு பெரிய சீல் படுத்திருப்பதைக் கண்டு, தொலைநோக்கியில் அதன் மூக்கைப் பார்த்தபடி வழக்கம்போல் எண்ணத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மூக்குத் துளைகள் இரண்டும் கோடுபோல் மூடியே கிடந்தன. நான்காவது நிமிடத்தில் அது இறந்துவிட்டது என்று முடிவு செய்து, உடனிருந்தவரிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். 5 நிமிடம் 40 விநாடியில் துளைகள் திறந்தன. ஆழமாகச் சில மூச்சுகளை இழுத்து விட்டபின் மீண்டும் மூடிக்கொண்டன. சீல் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

உறக்கத்தில் மூச்சை நிறுத்திவைப்பது இந்த விலங்குக்கு இயல்பு. நமக்கு மூக்கு திறந்திருப்பதே ஓய்வுநிலை. சீலுக்கு மூடியிருப்பதுதான் ஓய்வுநிலை. திறப்பதற்குத்தான் அது தசையை இயக்க வேண்டும். இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அறுவை அரங்கில் நான்கு நிமிடம் காற்றில்லாமல் ஒரு நோயாளி இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அந்த அளவுகோலைத்தான் பனிமேல் கிடந்த நானூறு கிலோ உடலின் மீதும் வைத்துப் பார்த்தேன். அந்த ஓராண்டில் சீல்களைக் குறித்து நான் செய்த தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

பாரதி நிலையம் கிழக்கு அண்டார்டிகாவில், லார்ஸ்மன் குன்றுகள் எனப்படும் பாறைப் பகுதியில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 134 சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு கட்டப்பட்டு 2012-இல் செயல்படத் தொடங்கியது. நம்முடைய இன்னொரு நிலையமான மைத்ரி கடலிலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், அங்கே பணியாற்றியவர்களுக்குச் சீல் என்பது கப்பல் பயணத்தில் மட்டும் காணக்கிடைக்கும் காட்சி. எங்களுக்கோ வாசலிலிருந்து நடந்துபோகும் தூரம். மார்ச் மாதத்துக்குப் பிறகு கடல் உறைந்து, கரையோடும் தீவுகளோடும் ஒட்டிக்கொண்டு அசையாத தளமாகிவிடும். அந்த ஒட்டுப்பனிதான் வெடெல் சீலின் வீடு. மனிதரை விட்டுவிட்டால், உலகின் மிகத் தெற்கே குட்டி ஈனும் பாலூட்டி இதுதான். தமிழில் சிலர் கடல்நாய் என்று எழுதுகிறார்கள். மூன்று மீட்டர் நீளமும், உடலுக்குப் பொருந்தாத சிறிய தலையும், பூனையைப் போன்ற முகமும் கொண்ட இதை நாய் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 1823-இல் தெற்குக் கடலில் 74 பாகை அட்சரேகைக்கும் அப்பால் சென்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெடெலின் பெயர் இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அவர் சென்றது சீல் வேட்டைக்காக என்பது வேறு கதை.

குளிர்காலத்தில் சீல்கள் கண்ணுக்குத் தெரிவதே அரிது. மே மாதக் கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாத நாட்களில், காற்றின் வெப்பம் சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கும்போது, கடல்நீர் மட்டும் சுழியத்துக்குக் கீழே 1.8 பாகையிலேயே நிற்கிறது. ஆகவே அவை நீருக்குள்ளேயே இருந்துகொள்கின்றன. ஆனால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். தீவுகளின் ஓரத்தில் கடல் ஏறி இறங்கும்போது பனி வெடித்து உண்டாகும் ஏற்றவற்ற விரிசல்களைப் பிடித்துக்கொண்டு, அவற்றில் துளைகளை மூடவிடாமல் பல்லால் அறுத்து வைத்திருக்கின்றன. மேல்தாடையின் கோரைப்பற்களும் வெளி வெட்டுப்பற்களும் சற்று முன்னோக்கித் துருத்தி நிற்பது இதற்காகத்தான். வாயை அகலத் திறந்து, தலையை இடமும் வலமுமாக வீசிப் பனியை அறுக்கின்றன. ஜூலையில் ஒரு நாள், நிலவொளியில் ஒரு துளையருகே இருபதடி தள்ளி நின்றபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தச்சுப்பட்டறையில் அரத்தால் மரத்தை ராவுவது போலிருந்தது. வயது ஏற ஏறப் பல் தேய்கிறது. தேய்ந்த பல் சீழ் பிடிக்கிறது. ஒரு கட்டத்தில் துளையைக் காத்துக்கொள்ள முடியாமல் போகிறது. வலிமையான எதிரி எவரும் பனிமேல் இல்லாத இந்த விலங்கின் ஆயுளைப் பல்லே வரையறுத்துவிடுகிறது.

இங்கே நடைமுறைக்கு உதவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பனிமேல் ஒரு சீல் படுத்திருந்தால், அருகில் ஒரு துளையோ விரிசலோ நிச்சயமாக இருக்கிறது என்று பொருள். புதிதாக வருபவர்கள் சீலையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். செப்டம்பர் தொடக்கத்தில், ஒன்றரை மீட்டர் தடிப்புள்ள பனி என்ற நம்பிக்கையில் நேராக நடந்துபோய், காற்று குவித்திருந்த மெல்லிய வெண்பனியால் மூடிக் கிடந்த விரிசல் ஒன்றில் என் வலக்கால் தொடைவரை இறங்கியது. உடன்வந்த டீசல் மெக்கானிக், தூத்துக்குடிக்காரர், என் முதுகுப்பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்று முதல் நாங்கள் கடைப்பிடித்த முறை இது: இருவருக்குக் குறையாமல் செல்வது, கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் நிலையத்தின் வாக்கி-டாக்கி அறையில் எழுதிவிட்டுப் போவது, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கம்பியால் குத்திப் பார்ப்பது, விரிசலைக் குறுக்காக, செங்கோணத்தில் மட்டுமே கடப்பது, விரிசலின் இருபுறமும் துளையிட்டு ஆழம் அளந்த பிறகே வண்டியைக் கொண்டுபோவது. சீல் துளையின் விளிம்பு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. சீல் ஏறி இறங்கி ஏறி இறங்கி, அடியில் குடைந்து வைத்திருக்கும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முதல் குட்டி பிறந்தது. பிறப்பை நான் பார்க்கவில்லை; பனிமேல் சிவந்த கறையையும், நச்சுக்கொடிக்காகச் சண்டையிட்ட ஸ்குவாப் பறவைகளையும்தான் பார்த்தேன். 37 பாகை வெப்பமுள்ள கருப்பையிலிருந்து, சுழியத்துக்குக் கீழே 20 பாகைக் காற்றுக்குள், நனைந்த உடலோடு விழுகிறது குட்டி. பிறக்கும்போது 25 முதல் 30 கிலோ இருக்கும். சாம்பல் நிற மென்மயிர் உண்டு, தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. அதைக் காப்பாற்றுவது பால். பசும்பாலில் 4 விழுக்காடு கொழுப்பு. வெடெல் சீலின் பாலில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. நாளொன்றுக்கு இரண்டு கிலோ அளவுக்கு எடை கூடி, ஆறேழு வாரத்தில் பால் மறக்கும்போது குட்டி நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதே காலத்தில் தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கிறது. முதல் வாரத்தில் பீப்பாய் போலிருந்த ஒரு தாய்க்கு, நவம்பர் இறுதியில் இடுப்பெலும்பு தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் பெரிய தவறு நவம்பர் முதல் வாரத்தில் நடந்தது. ஏறக்குறைய இரண்டு வாரக் குட்டி ஒன்று தனியாகக் கிடந்தது. கன்று கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்து கன்னத்து மயிரில் உறைந்திருந்தது. காலை பத்து மணிக்குப் பார்த்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கும் தாயைக் காணோம். “தாய் செத்துப்போச்சு போல சார். பால்பவுடர் கரைச்சு எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டார் மெக்கானிக். வீட்டில் ஆறு மாதப் பெண்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர் அவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை. விதி தெரியும், ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வாக்கி-டாக்கியில் எங்கள் குழுத்தலைவரை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, குட்டி எப்படி இருக்கிறது என்பதல்ல, “நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?” என்பதுதான். குட்டிக்கும் விரிசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். அங்கிருந்து எழுபது எண்பது மீட்டர் விலகி, ஒரு பாறைக்குப் பின்னால் போய் அமரச் சொன்னார். இருபது நிமிடம் கழித்துத் துளையில் ஒரு தலை எழுந்தது, சுற்றிலும் பார்த்தது, பெரிய மூச்சொன்றை ஊதிவிட்டு மேலே ஏறியது. அடுத்த சில நிமிடங்களில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. முன்பே ஒருமுறை அந்தத் துளையில் நீர் கலங்கியதை நான் பார்த்திருந்தேன். பனிக்கட்டி சரிந்தது என்று எண்ணிக்கொண்டேன். அது தாய் வந்து, எங்களைக் கண்டு, திரும்பிப் போனதாக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் குட்டி பசித்துக் கிடந்ததில் ஒரு பகுதி எங்கள் கணக்கில்தான் சேரும்.

கண்ணீரைப் பற்றியும் அன்றிரவு தெரிந்துகொண்டேன். நமக்குக் கண்ணிலிருந்து மூக்குக்கு நீரை வடிக்கும் சிறு குழாய் உண்டு. சீல்களுக்கு அது இல்லை. எனவே கண்ணில் ஊறும் நீர் முழுவதும் முகத்தில்தான் வழிய வேண்டும். கொழுத்து நிறைந்து வெயிலில் உறங்கும் சீலுக்கும் அப்படித்தான் வழியும். பாலைப் பொறுத்தவரை, 4 விழுக்காட்டுக் கொழுப்புள்ள நம் பாலை அந்தக் குட்டிக்குப் புகட்டியிருந்தால், அதன் வயிற்றை நீரால் நிரப்பியிருப்போம் என்பதைத் தவிர வேறெதுவும் நடந்திருக்காது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்பாட்டின்படி அங்குள்ள விலங்குகளைத் தொடுவதும் குலைப்பதும் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவை. இப்போது இந்தியாவிலேயே 2022-ஆம் ஆண்டின் அண்டார்டிகச் சட்டமும் இருக்கிறது.

முதல் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தாய் பெரும்பாலும் குட்டியை விட்டு அகலுவதில்லை. பிறகு தாய் முழுக்குகளுக்குப் போகத் தொடங்குகிறது. குட்டியையும் மெல்ல நீருக்குள் இறக்குகிறது. அந்த முதல் இறக்கத்தை ஒரே ஒருமுறை பார்த்தேன். குட்டி விளிம்பில் நின்று தலையை மட்டும் நனைத்து நனைத்து எடுத்தது. உள்ளே விழுந்தபின் ஏற முடியாமல் தவித்தபோது, தாய் அடியிலிருந்து வந்து விளிம்பைப் பல்லால் அறுத்துச் சரிவாக்கியது. நான்காவது முயற்சியில் குட்டி ஏறியது. அன்று நான் கேமராவை எடுத்துச் செல்லவில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை.

தாய் கீழே போய் என்ன செய்கிறது என்பதுதான் என் தொழிலோடு தொட்ட கேள்வி. 1960-களின் தொடக்கத்தில், ராஸ் தீவிலுள்ள மக்மர்டோ நிலையத்தருகே, ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார். மற்ற விரிசல்கள் எதுவும் எட்டாத தொலைவில் பனியில் ஒரு துளையை வெட்டி, சீலை அங்கே கொண்டுவந்து விட்டார். எவ்வளவு ஆழம் போனாலும் மூச்சுக்கு அதே துளைக்குத்தான் திரும்ப வேண்டும். அதன் முதுகில் அவர் பொருத்திய ஆழம் பதியும் கருவியின் இதயம், சமையலறையில் முட்டை வேகவைக்கப் பயன்படும் நேரங்காட்டி. 600 மீட்டர் ஆழமும் 43 நிமிடமும் அந்தக் கருவிகள் காட்டிய உச்சங்கள்; பின்னாளில் 80 நிமிடத்தைத் தாண்டிய முழுக்குகளும் பதிவாயின. ஆனால் அன்றாட முழுக்கு 15, 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த 20 நிமிடம்தான் வரம்பு. அதுவரை சேமித்த ஆக்ஸிஜன் போதும். அதைத் தாண்டினால் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, முக்கால் மணி நேர முழுக்குக்குப் பிறகு அதைத் தீர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓய்வு எடுக்க வேண்டியிருக்கிறது. கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது போன்றது இது. சீல் அதை அவசரத்துக்கு மட்டுமே வாங்குகிறது.

சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் நான் முற்றிலும் தோற்றேன். மயக்கம் கொடுக்குமுன் நோயாளியின் நுரையீரலை ஆக்ஸிஜனால் நிரப்புவது எங்கள் முதல் பாடம். சீல் இதற்கு நேர்மாறாக, மூழ்குமுன் மூச்சை வெளியே விடுகிறது. ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் அதன் நுரையீரல் சுருங்கி மடங்கிவிடுகிறது. அதனால் நைட்ரஜன் குருதிக்குள் ஏறுவது நின்றுபோகிறது. ஆழ்முழுக்கில் மனிதரைக் கொல்லும் நோய் அதை அண்டுவதில்லை. ஆக்ஸிஜன் இருப்பது குருதியிலும் தசையிலும். எடைக்கு எடை நம்மைப்போல் இருமடங்கு குருதி. தசையில் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் ஏறக்குறைய பத்து மடங்கு. மண்ணீரல் சிவப்பணுக்களின் கிடங்காக இருந்து, மூழ்கும்போது சுருங்கி அவற்றை வெளியே தள்ளுகிறது. குருதியில் அணுக்களின் பங்கு 60 விழுக்காட்டை எட்டுகிறது. என் நோயாளி ஒருவருக்கு அந்த எண் வந்தால், அறுவையைத் தள்ளிவைத்துவிட்டுக் குருதியியல் நிபுணரை அழைப்பேன். இந்த உண்மைகளில் பலவற்றை வெளிக்கொணர்ந்த வாரன் சாப்போல் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பதை அங்கே இருந்தபோது படித்துத் தெரிந்துகொண்டதும், பாஸ்டனில் தீவிர சிகிச்சையில் பணியாற்றிய அவர் இதே விலங்கின் குருதியை எடுக்க அண்டார்டிகாவுக்கு வந்திருந்தார் என்பதும் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தந்தன.

சீல்களைக் கேட்பதும் ஒரு பாடம். ஒட்டுப்பனியின் மீது கூடாரமடித்துப் படுத்தால், நள்ளிரவில் தரைக்கு அடியிலிருந்து சத்தம் வரும். உச்சத்தில் தொடங்கி இழுத்து இழுத்து இறங்கும் நீண்ட கூவல், பழைய வானொலிப் பெட்டியில் அலைவரிசை தேடும்போது எழும் ஓசையைப் போன்றது. ஆண் சீல்கள் விரிசலுக்கு அடியில் நீருக்குள் எல்லை வகுத்துக்கொண்டு போடும் முழக்கம் அது. இணைவதும் நீருக்கடியில்தான், பனிமேல் நாம் காண்பது தோற்ற ஆணின் பின்துடுப்பருகே கடிகாயங்களை மட்டுமே. கூடாரம் அடிப்பவர்கள் பாயைப் பனியோடு நன்றாக அழுத்தி விரித்து, காதை அதில் வைத்துப் படுத்தால் போதும். கருவி எதுவும் தேவையில்லை.

எண்ணிக்கை எடுத்த அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மாதம் நான் எடுத்த கணக்குகள் அனைத்தும் வீண். காலை ஒருநாள், மாலை ஒருநாள் என்று எண்ணியிருந்தேன். பிற்பகலில்தான் மிகுதியான சீல்கள் மேலே ஏறிக் கிடக்கும். காற்று வீசினால் பெரும்பாலானவை நீருக்குள் போய்விடும். ஆகவே ஒரே நேரத்தில், ஒரே குன்றிலிருந்து எண்ணி, காற்றின் வேகத்தையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே கிடப்பவை மட்டுமே நம் கணக்கில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அலசியதன் அடிப்படையில், அண்டார்டிகா முழுவதும் பெண் வெடெல் சீல்கள் ஏறக்குறைய 2 லட்சம் என்று 2021-இல் வெளிவந்த மதிப்பீடும், கீழே இருப்பவற்றுக்கான திருத்தத்தோடு செய்யப்பட்டதுதான்.

அருகில் செல்லும்போது சீலின் தலைதான் அளவுகோல். உறங்கும் சீல் தலையைத் தூக்கிப் பார்த்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம். நின்று, தாழ்ந்து, பின்வாங்க வேண்டும். வடதுருவத்து வளையச் சீல்கள், பனிக்கரடிக்கு அஞ்சி, உறக்கத்தின் நடுவே அடிக்கடி தலைதூக்கிப் பார்த்துக்கொள்ளும். தெற்கே பனிக்கரடி இல்லை; கொலைத் திமிங்கிலமும் சிறுத்தைச் சீலும் நீரில்தான். அதனால் வெடெல் சீல் நம்மைக் கண்டு ஓடுவதில்லை. ஓடாததை இணக்கம் என்று எண்ணுவது நம் பிழை. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தித்தான் பழைய பயணக்குழுக்கள் நாய்த் தீனிக்காக இவற்றைப் படுத்த இடத்திலேயே கொன்றன. 1994-இல் நாய்கள் அனைத்தும் கண்டத்தைவிட்டு அகற்றப்பட்டன. கேமராவைப் பொறுத்தவரை, மின்கலத்தை உள்சட்டைப் பையில் வைப்பதும், நிலையத்துக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திறப்பதும் போதும். அதைச் செய்யாமல் ஒரு லென்ஸை நான் ஈரத்துக்குப் பலிகொடுத்தேன்.

டிசம்பர் 6 அன்று, நவம்பரில் எங்களால் பசித்துக் கிடந்த அந்தக் குட்டி, இடப்பக்கத் துடுப்பில் இருந்த வெள்ளைத் தழும்பால் அடையாளம் தெரிந்தது. மென்மயிர் கொட்டி, உருண்டு திரண்டு, தாயில்லாமல் துளையருகே கிடந்தது. எண்ணிப் பார்த்தேன்: மூன்று நிமிடம் இருபது விநாடி மூச்சில்லை. 11-ஆம் தேதி போனபோது அங்கே வயிற்றை இழுத்துச் சென்ற பள்ளம் ஒன்று விரிசல்வரை இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. அதன்பின் கப்பல் வரும்வரை பலமுறை சென்றும் அந்தத் தழும்பைக் காணவில்லை. குறிப்பேட்டை அடுத்து வந்த மருத்துவரிடம் ஒப்படைத்தபோது, நேரம், காற்று, எண்ணிக்கை என்ற பத்திகளுக்குப் பக்கத்தில், நாங்கள் நவம்பரில் கோடு போட்டுச் சேர்த்த நான்காவது பத்தியை அவர் விரலால் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். அதன் தலைப்பு, ‘எண்ணியவர் நின்ற இடம்’.